படித்த மெயில், செய்யாத வேலை

கேள்வி: அக்கா, பாரிமுனையில் லிங்கி செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். காலையில் பஸ்ஸில் வரும்போதே போனில் மெயில்களைப் படித்துவிடுவேன். அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் எதை வெறுமனே படித்தேன், எதை முடித்தேன் என்று பிடிபடுவதில்லை. முக்கியமானவற்றுக்கு நட்சத்திரக் குறி போட்டுப் பார்த்தேன். இன்று பாதி மெயிலில் நட்சத்திரம் நிற்கிறது. போன வாரம் ஒரு இறக்குமதியாளர் கேட்ட இன்வாய்ஸ் திருத்தம் விட்டுப்போய், முதலாளியிடம் நல்ல திட்டு. இதற்கு வழி உண்டா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உண்டு தம்பி. நான் தம்பு செட்டித் தெருவில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வரும் தபால் முதலில் பதிவேட்டில் ஏறும். பிறகு மேலாளர் படித்து, கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 'டி.ஓ. வாங்கவும், வியாழன்' என்று எழுதுவார் (டி.ஓ. என்றால் சரக்கை எடுக்கக் கப்பல் கம்பெனி தரும் டெலிவரி ஆர்டர்). அதற்கப்புறம்தான் அது எங்கள் மேசைக்கு வரும். மெயில் நேரே உங்களிடம் வந்து விழுகிறது. நடுவில் அந்த ஓரக்குறிப்பை எழுத யாரும் இல்லை. அதை எழுத வேண்டியவர் இப்போது நீங்கள்தான். நட்சத்திரக் குறியில் தேதி கிடையாது, செய்ய வேண்டியது என்ன என்பதும் கிடையாது. அதனால்தான் அது கைகொடுக்கவில்லை.

ஜிமெயிலில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. மெயிலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'ஆட் டு டாஸ்க்ஸ்' என்று வரும். போனிலும் உண்டு. கணினியில் விசைக் குறுக்குவழிகளை அமைப்புகளில் இயக்கி வைத்திருந்தால் ஷிஃப்ட் விசையோடு டி எழுத்தை அழுத்தினாலே போதும். உடனே அந்த மெயில் கூகுள் டாஸ்க்ஸ் பட்டியலில் ஒரு வேலையாக ஏறிவிடும். அதற்குள்ளேயே மூல மெயிலைத் திறக்கும் இணைப்பும் இருக்கும். தேதி கொடுத்தால் கூகுள் காலண்டரிலும் தெரியும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் வேலை கெடுகிறது. மெயிலின் தலைப்பு எதுவோ அதுவே வேலையின் பெயராகவும் வந்து உட்காரும். உங்கள் தொழிலில் தலைப்புகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: 'ரீ: ஃபார்வர்ட்: ரீ: பெண்டிங் - மிக அவசரம்'. அதே மாதிரி நான்கு வரிகள் பட்டியலில் நின்றால் எதை எடுப்பீர்கள்? தலைப்பை அழித்துவிட்டு, நீங்கள் செய்யப்போவதை ஒரு வினைச்சொல்லோடு எழுதுங்கள். 'இன்வாய்ஸில் எடையைத் திருத்தித் தரச் சொல்லி இறக்குமதியாளருக்குப் போன் செய்' என்று இருக்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அந்த வரியைப் பார்த்தால், மெயிலைத் திறக்காமலே கை போனை எடுக்க வேண்டும். அந்த அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள்.

ஒரே மெயிலில் இன்வாய்ஸ் திருத்தம், முத்திரை வைத்த பேக்கிங் லிஸ்ட், டூட்டி (சுங்க வரி) கட்டும் விவரம் என்று மூன்று சங்கதி இருக்கும். முதலில் இருப்பதற்குப் பதில் எழுதிவிட்டால் மனம் அந்த மெயிலையே முடித்த கணக்கில் சேர்த்துவிடுகிறது. உங்கள் திருத்தமும் இப்படித்தான் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். டாஸ்க்ஸில் ஒரு வேலையின் கீழ் துணை வேலைகளைச் சேர்க்கலாம். மூன்றையும் தனித்தனி வரியாக இறக்கி, ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள்.

அடுத்தது தேதி. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கெடு முடியும் நாளைக் குறிக்கவே குறிக்காதீர்கள்; நீங்கள் கைவைக்க வேண்டிய நாளைக் குறியுங்கள். உங்களுக்குத் தெரிந்த விதிதான்: கப்பல் வந்துசேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை, தாக்கலாகிவிட வேண்டும் என்பது 2021 முதல் பொது விதி. தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்குத் தினமும் 5,000 ரூபாய், அதன் பிறகு தினமும் 10,000 ரூபாய் கட்டணம். கப்பல் வெள்ளிக்கிழமை வருகிறது என்றால் கெடு வியாழன். ஆனால் செக்லிஸ்ட், அதாவது தாக்கலுக்கு முன் சரிபார்க்கும் வரைவு, போட்டு, இறக்குமதியாளருக்கு அனுப்பி, அவர் பார்த்துச் சரி சொல்ல ஒரு நாளாவது வேண்டாமா? அப்படியானால் பட்டியலில் நிற்க வேண்டிய தேதி செவ்வாய்.

வேலையாக மாற்றிய மெயிலை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி வையுங்கள். முகப்பு காலியாகும், தேடினால் கிடைக்கும். அழிக்க மட்டும் வேண்டாம். குப்பைக்குப் போன மெயில் 30 நாட்களில் நிரந்தரமாகப் போய்விடும். பிறகு வேலைக்குறிப்பில் உள்ள இணைப்பால் பயனில்லை. பஸ்ஸில் படிப்பதையும் நான் தடுக்கவில்லை. படித்த கையோடு அதை வேலையாக மாற்றுங்கள். கூட்ட நெரிசலில் முடியாவிட்டால் மறுபடி 'படிக்காதது' என்று குறித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டி சுத்தம் என்று யாருக்கு மெயில் போட்டாலும் பதில் வருவதில்லை. நானும் மறந்துவிடுகிறேன். குடியிருப்பவர்கள் கேட்கும்போதுதான் நினைவு வருகிறது. வந்த மெயிலை வேலையாக்கலாம், சரி. வராத மெயிலை என்ன செய்வது?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: அருமையான கேள்வி அம்மா. பின்தொடர்தல் என்பதன் பெரும்பகுதி இதுதான். நீங்கள் அனுப்பிய மெயிலையும் வேலையாக மாற்றலாம். அனுப்பிய கையோடு 'சென்ட்' பகுதிக்குப் போய், அதே மெயிலைத் திறந்து 'ஆட் டு டாஸ்க்ஸ்' கொடுங்கள். இவற்றுக்கென்று 'காத்திருப்பவை' என்ற பெயரில் தனிப் பட்டியல் ஒன்று தொடங்குங்கள். உங்கள் சொந்த வேலைகளோடு இவை கலந்தால் இரண்டும் குழம்பிவிடும். பெயரில் யார், என்ன என்ற இரண்டும் இருக்கட்டும்: 'லிஃப்ட் கம்பெனி - மூன்றாம் மாடிக் கதவுக்கான விலைப்பட்டியல்'. தேதி, நீங்கள் அடுத்தபடியாகக் கேட்கப்போகும் நாள்.

இதில் பாதி வெற்றி மெயில் எழுதும் விதத்தில் இருக்கிறது. 'விரைவில் ஆவன செய்யவும்' என்று எழுதினால், விரைவில் என்பது அவர்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. '10-ஆம் தேதிக்குள் விலைப்பட்டியல் தேவை. 12-ஆம் தேதி எங்கள் கமிட்டி கூடுகிறது' என்று எழுதுங்கள். அப்போது உங்கள் பட்டியலுக்கும் தேதி தானாகவே கிடைத்துவிடும்: 11. அன்று பதில் வந்திருக்காவிட்டால், புது மெயில் தொடங்காமல் பழைய மெயிலுக்குக் கீழேயே எழுதுங்கள். முதல் வரியிலேயே முன்பு எழுதிய தேதியைக் குறிப்பிடுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது மெயில் வேண்டாம், போன் செய்யுங்கள். பேசி முடித்ததும் 'இன்று பேசியபடி' என்று தொடங்கி இரண்டு வரி மெயில் போட்டு, வேலையின் தேதியைத் தள்ளி வையுங்கள். நாளைக்கு ஒரு தகராறு என்று வந்தால் வாய்ப்பேச்சு நிற்காது. அந்த இரண்டு வரி நிற்கும்.

பதில் வராத மெயிலை ஜிமெயிலே சில சமயம் மேலே கொண்டுவந்து, பின்தொடர வேண்டுமா என்று கேட்கும். நல்லதுதான், ஆனால் அது எந்திரத்தின் ஊகம். சங்கத்துப் பணம் சம்பந்தப்பட்ட காரியத்தை அதை நம்பி விடாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி சுத்தம், லிஃப்ட் ஒப்பந்தம் புதுப்பித்தல் போன்றவை திரும்பத் திரும்ப வருபவை. அவற்றுக்கு டாஸ்க்ஸிலேயே 'திரும்ப வரும்' வசதி உண்டு. மழைநீர் வடிகால் சுத்தத்தைச் செப்டம்பருக்கு ஆண்டு வேலையாகப் போட்டு வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள். உங்கள் பகுதியில் தண்ணீர் எப்படி நிற்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் கம்பெனியில் அவுட்லுக்தான். அதில் இது முடியுமா?
- வாசகர், மணலி

பதில்: முடியும். மெயிலின் கொடிக் குறியைத் தொட்டால் அது மைக்ரோசாஃப்ட் டூ டூ செயலியில், கொடி போட்ட மெயில்களுக்கான பட்டியலில் வந்துவிடும். கொடியின் மேல் வலது கிளிக் செய்து நாளையும் குறிக்கலாம். தண்டையார்பேட்டைத் தம்பிக்குச் சொன்னதுபோல் வேலைக்கு வேறு பெயர் எழுத வேண்டும் என்றால், கணினியில் உள்ள பழைய அவுட்லுக்கில் மெயிலை இழுத்து 'டாஸ்க்ஸ்' மேல் விடுங்கள். புதிய வேலை ஒன்று திறக்கும், பெயரை மாற்றிச் சேமிக்கலாம். மெயிலோடு வந்த கோப்புகளும் கூடவே வர வேண்டுமானால் மவுஸின் வலது பொத்தானை அழுத்தியபடி இழுங்கள். விட்டதும் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கும்; அட்டாச்மென்ட்டாகச் சேர்க்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.