கமராவுக்குத் தெரிந்த ஒரே நிறம்: வாசகர் கேள்வி, கமராக்காரர் பதில்

*அதிகாலைப் பனிமூட்டம் கண்ணுக்குப் பால்போல் தெரிகிறது. படத்தில் அடுப்புச் சாம்பல்போல் வருகிறது. என் கமராவில் கோளாறா?*
*– வாசகர் ஒருவர், தலவாக்கலை*

கமரா சரியாகத்தான் இருக்கிறது, தம்பி. அதற்கு உலகத்தில் ஒரே ஒரு நிறம்தான் தெரியும் என்பதுதான் சிக்கல். மேலே விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதைச் சராசரியில் அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரவே கணக்குப் போடும். வெள்ளைப் பனியைக் காட்டினால் வெளிச்சம் கூடிவிட்டது என்று குறைத்துவிடும். கறுப்புக் கம்பளியைக் காட்டினால் போதவில்லை என்று கூட்டிவிடும்.

நம்பாவிட்டால் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கயிற்றில் காயும் வெள்ளைப் பள்ளிச் சீருடையைப் படம் முழுவதும் நிரம்பும்படி ஒரு தடவை எடுங்கள். பிறகு விரித்த கறுப்புக் குடையை அதேபோல் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சீருடை, எது குடை என்று மடிப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மருந்து கமராவிலேயே இருக்கிறது. கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தானை அமர்த்தி +1 வையுங்கள். அப்படியென்றால் கமரா போட்ட கணக்கைப்போல் இரண்டு மடங்கு ஒளி. எதிரே உள்ள மரமே தெரியாத மூட்டமென்றால் +1.7 வரை போகலாம். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையைத் தொட்டால் சிறிய சூரியன் ஒன்று தோன்றும். அதை மேலே தள்ளினால் போதும். (பதுளைப் பக்கத்து வாசகர்கள் சிரிக்க வேண்டாம். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை வரும்போது உங்களுக்கும் இதே கடிதம் எழுத வேண்டிவரும்.)

*என் அம்மாயிக்கு 78 வயது. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். மலையில் நிறுத்தி எடுத்தால் முகம் கரியாகிறது. லயத்து வாசலில் உட்காரவைத்து எடுத்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கிறது. என்னிடம் இருப்பது பழைய டி.எஸ்.எல்.ஆர். கமராவும் 18–55 லென்ஸும். 50 எம்.எம். லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?*
*– வாசகி ஒருவர், மஸ்கெலியா*

வாங்க வேண்டாம், பிள்ளை. காசை வைத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்ன அதே நோய்தான் உங்களுக்கும், இரண்டு முகத்தோடு வந்திருக்கிறது.

மலையில் அம்மாயிக்குப் பின்னால் இருப்பது வெள்ளை வானம். கமரா வானத்தைச் சாம்பலாக்கப் பார்க்கிறது, முகம் பலியாகிறது. வாசலில் அவருக்குப் பின்னால் இருப்பது காம்பராவின் இருட்டு. கமரா அந்த இருட்டைச் சாம்பலாக்கப் பார்க்கிறது, முகம் வெளுக்கிறது. அதே அம்மாயி, அதே வெளிச்சம். பின்னணிதான் மாறியது.

மலையில் எடுப்பதென்றால் நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். சமவெளிக்காரர்களுக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு உண்டு: சரிவு. அம்மாயியைவிட நான்கைந்து தேயிலை வரிசை மேலே ஏறி நின்று கீழ்நோக்கி எடுத்தால் வானம் படத்தைவிட்டுப் போய்விடும். பின்னால் முழுவதும் பச்சை. நல்ல மழைக்காலத்து இலை கரும்பச்சையாக இருக்கும், அதனால் –0.7 அளவுக்குக் குறைக்க வேண்டிவரலாம். ஏற முடியாவிட்டால் வானத்தை மறந்து முகத்துக்கு அளந்து எடுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். அம்மாயியைத்தானே எடுக்க வந்தீர்கள்?

ஆனால் என்னைக் கேட்டால் வாசலே நல்லது. இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) வேண்டாம், வாசற்படிக்கு உள்ளே ஓர் அடி தள்ளி, தாழ்வான பலகையில் உட்காரவையுங்கள். வெயில் நேரே விழக் கூடாது. திறந்த வெளியின் வெளிச்சம் மட்டும் வாசல் வழியாக வர வேண்டும். முகத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திருப்பச் சொன்னால் ஒரு கன்னத்தில் ஒளியும் மறு கன்னத்தில் மெல்லிய நிழலும் விழும். சுருக்கங்கள் அப்போதுதான் பேசும். லென்ஸ் 55-இல், ஒளி நுழையும் துளை எஃப்/5.6, ஷட்டர் 1/125 விநாடி, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 800-இல் தொடங்குங்கள். இருட்டுக்காக –1 குறைத்துவிட்டு, திரையில் நெற்றியைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோலின் கோடுகள் தெரிந்தால் சரி. உங்கள் கமராவில் 55 எம்.எம். என்பது பழைய படச்சுருள் கமராவின் 85 எம்.எம். லென்ஸுக்கு ஏறக்குறைய சமம். உருவப்படக்காரர்கள் காலங்காலமாகப் பிடித்துவைத்திருக்கும் தூரம் அது. 18-இல் வைத்துக்கொண்டு கிட்டே போனால் மூக்குத்திதான் முதலில் வரும், மூக்கு இரண்டாவதாக, அம்மாயி கடைசியாக. கூர்மை நமக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் விழட்டும்.

முதல் பத்துப் படங்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அவை கமராவைப் பார்த்து விறைத்த படங்கள். ஹட்டனில் நான் தொழில் பழகிய காலத்தில் மாதத்துக்கு நாலைந்து பேராவது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தோடு வருவார்கள். மாலை போடும் அளவுக்குப் பெரிதாக்கித் தர வேண்டும் என்பார்கள். முழு வாழ்க்கைக்கும் அந்த ஒரு படம்தான் இருக்கும். அதிலும் யாரோ அதட்டியதுபோல் மிரண்ட கண். அந்தப் படங்களில் பல நானே எடுத்தவை. நாடியை உயர்த்து, அசையாதே என்று அதட்டியதும் நானேதான். அதனால் சொல்கிறேன், ஒரு கோப்பைப் பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு, அந்த நாளில் கங்காணி எப்படி என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அழுத்துங்கள்.

கமரா பழசு என்று வருத்தப்படுகிறீர்கள். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையாருக்கு முதல் கமரா கிடைத்தபோது வயது 48, அது 1863. ஈரமான இரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டு, பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டிய ஆட்கள். அவருடைய படங்களில் கூர்மை இல்லை என்று விமர்சகர்கள் ஏசினார்கள். இன்று உருவப்படக் கலை என்றால் முதலில் சொல்லும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. 1875-இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்தவர், இங்கும் தோட்டத் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879-இல் இறந்தார். உங்களிடமிருந்து அதிக தூரமில்லை, பொகவந்தலாவைப் புனித மேரி தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாயியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

*மூன்றில் ஒரு பங்கு விதிப்படி கட்டம் போட்டுத்தான் எடுக்கிறேன். இருந்தும் ஒன்பது வளைவுப் பாலத்தில் நான் எடுத்த படம் எல்லாருடைய படம்போலவே இருக்கிறது.*
*– வாசகர் ஒருவர், பண்டாரவளை*

எல்லாரும் நிற்கும் இடத்தில் நின்றால் எல்லாருடைய படம்தான் வரும். அந்த ரயில் பாலம் 1921 முதல் அங்கேயேதான் நிற்கிறது. நகர வேண்டியது நீங்கள். திரையை நீளத்திலும் உயரத்திலும் மூன்று மூன்றாகப் பிரிக்கும் அந்தக் கட்டம் என்பது நடை பழகும் பிள்ளைக்குக் கொடுக்கும் கோல். பிடித்துக்கொள்ளுங்கள், அதன்மேல் ஏறி உட்காராதீர்கள்.

விதியைவிட மலைநாட்டில் எனக்குப் பயன்பட்டவை வேறு. இங்கே அடிவானம் கிடைப்பது அருமை. சரிவைப் பார்த்துக் கமராவை நேராக்கினால் படம் சாய்ந்துவிடும். இஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) சுவரையோ லயத்துத் தூணையோ பார்த்து நேராக்குங்கள். மூட்டம் விலகும் நேரத்தில் ஹப்புத்தளைப் பக்கம் போய் நீண்ட லென்ஸில் பாருங்கள்: கிட்டிய மலை கறுப்பு, அடுத்தது நீலம், அதற்கடுத்தது வெளிர் நீலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அகன்ற லென்ஸில் அதே காட்சி ஒரு கோடாகச் சுருங்கிவிடும்.

இன்னொன்று, திரும்பிப் பாருங்கள். சிவனொளிபாதமலை உச்சியில் விடியும் நேரம் அத்தனை கமராவும் கிழக்கே சூரியனைப் பிடித்துக்கொண்டிருக்கும். மலையின் நிழலோ மேற்கே முக்கோணமாகப் பனியின்மேல் விழுந்து கிடக்கும். சில நிமிடம்தான், பிறகு சுருங்கிப் போய்விடும். முதல் இரண்டு யாத்திரையில் நானும் சூரியனைத்தான் எடுத்தேன். அந்தப் படங்களைக் கேட்காதீர்கள்.

அழுத்துவதற்கு முன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எவரும் செய்வதில்லை. மின்சாரக் கம்பியும் யாரோ ஒருவருடைய பாதி முழங்கையும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

*கொழுந்து எடுப்பவர்களைப் படமெடுக்கப் போனால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், சிலர் காசு கேட்கிறார்கள். என்ன செய்வது?*
*– வாசகர் ஒருவர், நுவரெலியா*

முகத்தைத் திருப்பினால் வேண்டாம் என்று அர்த்தம். கமராவைக் கீழே இறக்குங்கள். அவர்களுக்கு அந்த நாளின் கணக்கு கிலோவில். உங்களுக்காக நிற்கும் பத்து நிமிடம் யாருடைய நிறுவையில் குறையும் என்று யோசித்தீர்களா? காசு கேட்டதில் எனக்குத் தப்பாக ஒன்றும் படவில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுத்து முடிந்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து உதறி, வெற்றிலைப் பையை எடுக்கும் நேரத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்றாவது தடவை அவர்களே கூப்பிடுவார்கள். வெறுங்கூடையோடு சிரிக்கச் சொல்லி மட்டும் எடுக்காதீர்கள். அந்தச் சிரிப்பைத் தபாலட்டையில் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

*லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் ஏதோ படர்ந்திருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை.*
*– வாசகர் ஒருவர், கொட்டகலை*

பூஞ்சணம். நம் ஊர் ஈரத்துக்கு ரொட்டியில் மட்டுமா பிடிக்கும்? உள்ளே இருப்பதை வெளியே துடைத்துப் பயனில்லை, பழுதுபார்ப்பவர் கழற்றித்தான் எடுக்க வேண்டும். தோல் உறையில் போட்டு அலுமாரியில் பூட்டிவைத்திருப்பீர்கள். அதைவிட வசதியான வீடு பூஞ்சணத்துக்குக் கிடைக்காது. இறப்பர் விளிம்புள்ள இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் படம் எடுங்கள். இப்போதைக்கு அந்த லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, வலை ஓரத்திலா நடுவிலா என்று எழுதுங்கள். ஓரமென்றால் அவசரமில்லை. நடுவென்றால் அடுத்த பஸ்ஸிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.