முதல்முறையாக முதலீட்டுக்காக வீடு வாங்கப் போகிறேன். மனையா, ஃபிளாட்டா? வாடகையை வைத்தே இ.எம்.ஐ. கட்டிவிடலாமா?

கையில் 15 லட்சம் இருக்கிறது, சென்னைப் புறநகரில் தேடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் நானும் இதே நிலையில், இதே கேள்விகளோடு அலைந்தேன். முதலில் கணக்கு.

45 லட்சத்துக்கு ஒரு பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 36 லட்சம் தரும். மீதி 9 லட்சம் நீங்கள் போட வேண்டும். பத்திரச் செலவு தனி. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 4 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய். இதை வங்கி கடனில் சேர்க்காது. வக்கீல், பத்திர எழுத்தர், புரோக்கர் கமிஷன், கொஞ்சம் மராமத்து எல்லாம் சேர்ந்தால் உங்கள் 15 லட்சம் அங்கேயே கரைந்துவிடும்.

அப்புறம் தவணை. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் 31,200 ரூபாய்க்குச் சற்று மேல். அந்த ஃபிளாட்டுக்கு 13,000 வாடகை வந்தால்கூட மாதம் 18,000 உங்கள் சம்பளத்திலிருந்து போகும். மெயின்டனன்ஸ், சொத்துவரி வேறு. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டால் வெள்ளையடித்து அடுத்த ஆள் வரும்வரை முழுத் தவணையும் நம் தலையில்தான். ஆகவே வாடகையில் இ.எம்.ஐ. கட்ட முடியாது. அந்த 18,000ஐ மூச்சு முட்டாமல் பல வருடம் கட்ட முடியும் என்றால் இறங்குங்கள், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனையா, ஃபிளாட்டா? கட்டடம் வருடாவருடம் பழசாகும், விலை ஏறுவது நிலத்துக்குத்தான். அதனால் ஃபிளாட் பார்க்கும்போது பளிங்குத் தரையைப் பார்க்காமல் பத்திரத்தில் யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். புது ஃபிளாட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்பது சட்டம். மனை என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் கட்டாயம். "பஞ்சாயத்து அப்ரூவ்டு சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, வாங்கி வைத்திருந்த எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தார்கள்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியம்: விற்பவருக்கு விற்க உரிமை இருக்கிறதா?

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனி வீடு எங்களுக்குப் பிடித்துப் போனது. கிணறு, முருங்கை மரம், நல்ல தெரு. "சாயங்காலம் வேறு பார்ட்டி வருகிறது, ஒரு லட்சம் டோக்கன் கொடுங்கள்" என்று தரகர் அவசரப்படுத்தினார். பத்திரங்களின் ஜெராக்ஸ் வந்த பிறகுதான் பணம் என்று அப்பா உறுதியாக நின்றார். பதிவுத்துறை இணையதளத்தில் ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. 1991இல் பெரியவர் வாங்கியிருக்கிறார், அவர் காலமான பிறகு மனைவியும் இரண்டு மகன்களும் பாகப்பிரிவினை பதிந்திருக்கிறார்கள். அடமானம் எதுவும் இல்லை.

வக்கீல் அதோடு விடவில்லை, வாரிசுச் சான்றிதழைக் கேட்டார். மங்கிப்போன அந்த ஜெராக்ஸில் நான்கு வரிகள். மூன்றாவது வரியில் ஒரு பெண் பெயர். மகள், வயது 34, திருமணமானவர். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்தப் பெயரே இல்லை.

விற்பவரிடம் கேட்டோம். "அவளுக்கு நகை போட்டு நல்லபடியா கட்டிக் கொடுத்தாச்சு சார், அவ ஒண்ணும் கேட்க மாட்டா" என்றார். அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. நகை போட்டதும் சீர் செய்ததும் அந்தப் பங்கை அழித்துவிடாது. ஈ.சி.யில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். கையெழுத்துப் போடாத ஒரு மகளை அது காட்டாது.

அந்த மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தந்தால் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். நான்கு மாதம் கழித்துத் தரகர் கூப்பிட்டார். அந்த அக்கா தன் பங்கைக் கேட்டிருக்கிறாராம், அண்ணன் தம்பிகளோடு பேச்சு நடக்கிறதாம். அதற்குள் நாங்கள் வேறு ஃபிளாட்டுக்கு ஒப்பந்தம் போட்டிருந்தோம். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.