பாறையும் கயிறும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பெங்களூரில் ஓர் உள்ளரங்கப் பாறையேற்றச் சுவரில் வி4 வரை ஏறுகிறேன். பொங்கல் விடுமுறையில் ஹம்பிக்குப் போனபோது, வி2 என்று சொன்ன பாறையில் பாதிகூடத் தாண்ட முடியவில்லை. அரங்கத்தில் எங்களை ஏமாற்றுகிறார்களா?
– கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: யாரும் உங்களை ஏமாற்றவில்லை. கயிறில்லாமல் சிறு பாறைகளில் ஏறும் போல்டரிங்கில், ஒரு வழி எவ்வளவு கடினம் என்று சொல்லும் கிரேடு வரிசைதான் 'வி'; எண் கூடினால் கடினமும் கூடும். இதை உருவாக்கியவர் ஜான் ஷெர்மன் என்ற அமெரிக்கர். 'வெர்மின்' என்பது அவருடைய பட்டப்பெயர். அதன் முதல் எழுத்துதான் இந்த வி. டெக்சாஸ் மாநிலத்தின் ஹுவெக்கோ டாங்க்ஸ் பாறைகளுக்கு அவர் எழுதிய வழிகாட்டி நூல் 1991இல் வெளிவந்தபோது இந்த எண்கள் அச்சேறின. அங்கே வி0 என்பதே ஏறத் தெரிந்தவருக்கான பாறை. நகரத்து அரங்கத்துக்கு அது சரிப்படாது. முதல் நாள் வருகிறவரும் எதையாவது முடித்துவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்ப வேண்டும் அல்லவா? அதனால் ஏணிப்படி போன்ற வழிகளுக்கும் வி0, வி1 என்று எண் கொடுக்கிறார்கள். வரிசையின் அடிப்பகுதி இப்படித்தான் நீண்டுபோகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த எண்ணைச் சுமந்துகொண்டு ஹம்பிக்குப் போவதில்தான் சிக்கல்.

அரங்கத்தில் எதைப் பிடிக்க வேண்டும் என்பதை வண்ணமே சொல்லிவிடுகிறது. ஹம்பியின் கருங்கல்லில் பிடியை நீங்களே தேட வேண்டும். கால் வைக்கும் இடம் பல சமயம் ஒரு பருக்கை அளவுதான். அதன்மேல் முழு எடையையும் நம்பி இறக்கினால்தான் ஷூ ஒட்டும், தயங்கினால் வழுக்கும். உச்சியும் அப்படித்தான். அரங்கத்தில் கடைசிப் பிடியை இரு கைகளாலும் தொட்டால் முடிந்தது. பாறையிலோ விளிம்பில் உள்ளங்கையை ஊன்றி, உடலைத் தள்ளி, காலைத் தூக்கிப் போட்டு மேலே எழுந்து நிற்க வேண்டும். அரங்கத்தில் பழகிய நல்ல பலசாலிகள்கூட அந்த இடத்தில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு வெயில்! மதியம் விரல் வியர்த்தால் அதே பாறை இரண்டு கிரேடு ஏறிவிடும். விடியற்காலையில் போங்கள். முதல் சில நாட்களுக்கு அரங்க எண்ணிலிருந்து இரண்டு மூன்றைக் கழித்துவிட்டு, சாய்வான பாறைகளில் காலைப் பழக்குங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கிரேடு என்பது யாரும் கருவி வைத்து அளந்ததல்ல. முதலில் ஏறியவர் ஒரு எண்ணை முன்மொழிகிறார். பின்னால் ஏறியவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், அல்லது மறுக்கிறார்கள். கொலராடோவில் 'பாக்ஸ் தெரபி' என்ற பாறையை 2023இல் கேட்டி லேம்ப் ஏறினார். வி16 ஏறிய முதல் பெண் என்று உலகமே கொண்டாடியது. அதே ஆண்டில் அதை ஏறிய புரூக் ராபுட்டு, தனக்கு அது வி15 என்றே தோன்றுவதாகச் சொன்னார். சாதனை தன் பெயரில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நினைக்காமல் பட்டதைச் சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்த முறை இன்னும் உயிரோடு இருப்பதே அப்படிப்பட்டவர்களால்தான்.

கேள்வி: பாதாமியில் கயிறு கட்டி ஏறும் 6சி கிரேடு வழியை ஏறியிருக்கிறேன். அப்படியென்றால் போல்டரிங்கிலும் 6சி ஏறிவிடுவேனா?
– வாசகி, சேலம்

பதில்: இல்லை. இரண்டும் பிரான்சிலிருந்து வந்தவைதான், ஆனால் வேறு வேறு வரிசைகள். கயிறு கட்டி ஏறும் வழிக்கு ஆங்கிலச் சின்ன எழுத்து; ஃபோன்டேன்புளோ காட்டுப் பாறைகளில் பிறந்த போல்டரிங் வரிசைக்குப் பெரிய எழுத்து. கயிற்று வழியில் 7ஏ என்பது அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய 5.11டி. போல்டரிங்கில் 7ஏ என்பது வி6. பல மடங்கு கடினமான அசைவுகள், ஆனால் நாலைந்தோடு முடிந்துவிடும். கயிற்று வழியில் களைப்பும் சேர்ந்துதான் எண்ணாகிறது.

கேள்வி: என் உயரம் 150 செ.மீ. கிரேடுகளை எல்லாம் உயரமான ஆண்கள் தங்கள் கைக்கு எட்டியபடி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சரிதானா?
– வாசகி, மதுரை

பதில்: பெருமளவு சரி. முன்மொழிந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். எட்டிப் பிடிக்கிறவருக்கு வி3 ஆக இருப்பது, நடுவில் இரண்டு சிறு பிடிகளைப் பயன்படுத்தித் தாவ வேண்டிய உங்களுக்கு வி5 ஆக இருக்கலாம். அதை வி5 என்றே எழுதிக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம். ஆனால் எல்லாப் பாறையும் உயரத்தின் பக்கம் நிற்பதில்லை. அமெரிக்காவில் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் மலைமுகத்தில் 'தி நோஸ்' என்ற வழியைக் கருவிகளில் தொங்காமல், கைகால்களின் பலத்திலேயே முதன்முதலில் முழுதாக ஏறியவர் லின் ஹில். ஆண்டு 1993. உயரம் சுமார் 157 செ.மீ. 'கிரேட் ரூஃப்' பகுதியின் மெல்லிய பிளவில் அவருடைய சிறிய விரல்கள் நுழைந்தன. மறு ஆண்டு அதே வழியை ஒரே நாளுக்குள் ஏறி முடித்தார். விரல் விளிம்புகளும் பிளவுகளும் உள்ள பாறைகளைத் தேடிப் போங்கள்.

கேள்வி: பதினான்கு வயது மகள் நண்பர்களோடு பாறையேறப் போகிறாள். "வெறும் வி1தான் அப்பா, பயப்படாதீர்கள்" என்கிறாள். எண் சிறியதென்றால் ஆபத்தும் குறைவா?
– ஒரு தந்தை, வேலூர்

பதில்: இல்லை ஐயா. இந்தப் பகுதியில் எனக்கு வந்த கேள்விகளில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். வி எண் அசைவு எவ்வளவு கடினம் என்பதை மட்டும் சொல்கிறது. இரண்டு ஆள் உயர வி1 பாறையின் உச்சியிலிருந்து கற்கள் மேல் விழுவது, தரையோடு ஒட்டிய வி6இலிருந்து விழுவதைவிட மோசமானது. ஆபத்தையும் சேர்த்துச் சொல்லும் முறைகள் உண்டு. பிரிட்டனில் ஒரு வழிக்கு இரண்டு குறிகள் இருக்கும்: முழு வழியின் தீவிரத்துக்கு ஒன்று (இ1 போல), மிகக் கடினமான அசைவுக்கு மற்றொன்று (5பி போல). இ1 என்றால் வழக்கமாக 5பி சேர்ந்து வரும். இ1 5ஏ என்றிருந்தால், அசைவு எளிது, ஆனால் விழுந்தால் தாங்கக் கயிற்றுக்குப் பிடிமானம் சரியாக இல்லாமலிருக்கலாம் என்று ஏறுகிறவர் எச்சரிக்கையாவார். அமெரிக்க நூல்களில் எண்ணுக்குப் பின்னால் எக்ஸ் இருந்தால், அங்கே விழுந்தால் உயிருக்கே ஆபத்து. நம் ஊர்ப் பாறைகளில் போல்டரிங் எண்ணோடு அப்படி எதுவும் வருவதில்லை.

மகளைத் தடுக்காதீர்கள். ஆனால் கிரேடைக் கேட்காமல் வேறு மூன்றைக் கேளுங்கள்: விழும் இடத்தில் எத்தனை மெத்தை போடுகிறார்கள்? கீழே நின்று அவள் தலையையும் முதுகையும் பார்த்துக்கொள்ளும் அனுபவசாலி யார்? உச்சியிலிருந்து இறங்க வழி எங்கே? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லையென்றால், பாறையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் பிறகு ஏறச் சொல்லுங்கள்.