பள்ளி நாட்களை நினைத்தால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் இடம் எது?

வகுப்பறையா, மைதானமா, கேன்டீனா என்று கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறீர்கள். கேன்டீன் இருந்த பள்ளியில் படித்தவர் போலிருக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கேன்டீன் கிடையாது. வாசலில் கூடை வைத்து நெல்லிக்காயும் கொடுக்காப்புளியும் விற்கும் ஓர் ஆச்சி உண்டு. அந்த ஆச்சியைப் பற்றியே தனியாக ஒரு பதில் எழுதலாம். ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடமே இல்லை. சைக்கிள் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போக வேண்டிய ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்.

"கேட்டது பள்ளியைப் பற்றி, நீங்கள் டைப்பைப் பற்றி எழுதுகிறீர்களே" என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு இரண்டும் வேறு வேறு இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே பாதி வகுப்பு அந்த மாடியில்தான் இருக்கும். அதே சிநேகிதிகள், அதே பாவாடை தாவணி. காலையில் அங்கே ஒரு மணி நேரம், அப்புறம் நேராகப் பள்ளிக்கூடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டைப் இன்ஸ்டிட்யூட் என்றாலே காதலிக்கப் போகும் இடம் என்று சினிமாக்காரர்கள் காட்டிக் காட்டி வைத்திருக்கிறார்கள். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம். அங்கே வந்த பெண்களில் பாதிப் பேர் வீட்டில் சண்டை போட்டு, அழுது, ஃபீஸ் வாங்கி வந்தவர்கள். கை வலிக்க அடித்தார்கள். அவர்களை வைத்துச் சிரித்தது போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சங்கரன்கோவில். அப்பா கைத்தறி நெசவு. 1984-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். கடைசிப் பரீட்சை முடிந்து வந்த அன்று அப்பா தறிக் குழியில் இருந்தபடியே, "தறி என்னோட போகட்டும்ளா, நீ டைப் படி" என்றார். மாதம் 15 ரூபாய் ஃபீஸ். எங்கள் வீட்டில் 15 ரூபாய் என்பது யோசித்து எடுக்க வேண்டிய பணம். அப்பா யோசிக்கவில்லை.

இன்ஸ்டிட்யூட்டில் மொத்தம் பன்னிரண்டு மெஷின். ரெமிங்டன், கோத்ரெஜ், சென்னையில் செய்த ஹால்டா. அவற்றில் தமிழ் மெஷின் இரண்டே இரண்டு. எல்லாரும் முதலில் இங்கிலீஷில் லோயர் என்கிற முதல் நிலைத் தேர்வுக்குப் படிப்பார்கள், தமிழ் அப்புறம். நான் தமிழ் மீடியம். "எனக்குத் தமிழ்தான் முதல்ல வேணும் சார்" என்றேன். சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப 7-ஆம் நம்பர் மெஷின். காலையில 7 மணிக்கு வந்துரணும்" என்றார்.

சார் கோர்ட்டில் நகல் எடுக்கும் காப்பியிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாவிகளின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டு, மர ஸ்கேலால் மேசையில் தட்டுவார். அந்தத் தாளத்துக்கு நாங்கள் அடிக்க வேண்டும். இடது கைக்கு ய ள ன க ப க, ய ள ன க ப க. ஒரு வாரத்துக்கு வேறு எதுவும் கிடையாது. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் சாவிக்குள் அடக்கிய விதத்தையும், தமிழ் டைப்ரைட்டரை வடிவமைத்த யாழ்ப்பாணத்துக்காரர் ஆர். முத்தையா அதற்காகப் பட்ட பாட்டையும் அவர் சொல்லித்தான் முதன்முதலில் கேட்டேன். பள்ளிப் பாடத்தில் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

தமிழ் மெஷினில் ஒரு விசேஷம் உண்டு. டைப் படிக்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரணச் சாவியை அடித்தால் எழுத்து விழும், தாளைச் சுமக்கும் கேரேஜ் ஓர் இடம் நகரும். புள்ளிச் சாவி அப்படி இல்லை. அடித்தால் புள்ளி விழும், கேரேஜ் நகராது. அதனால் புள்ளியை முதலில் அடித்துவிட்டு அதன் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். "அம்மா" என்றால் அ, புள்ளி, ம, ம, கால். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பிறகு வைக்கும் புள்ளி இங்கே எழுத்துக்கு முன்னால் வரும். பத்து வருடமாக எழுதிய பழக்கத்தை விரல் மறக்க வேண்டும். ஏற்கெனவே 1978-இல் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது எழுத்துச் சீர்திருத்தம் வந்து, லை, னை எல்லாம் முன்னால் இருந்த யானைத் தும்பிக்கை மாதிரியான சுழியை விட்டன. றா, னா புது வடிவத்துக்கு வந்தன. அப்பா கடைசி வரை பழைய தும்பிக்கை "லை"தான் போட்டார். நான் அதை ஒரு முறை மாற்றிக் கற்றவள். இது இரண்டாவது முறை.

7-ஆம் நம்பர் மெஷினில் எனக்கு முந்திய மணி நேரம், 6 முதல் 7 வரை, ஓர் அக்கா. பத்தாவது முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. பீடி சுற்றும் வீடு. எட்டு மணிக்குச் சொளவை (முறத்தை) மடியில் வைத்து உட்கார்ந்தால்தான் சாயங்காலத்துக்குள் ஆயிரம் பீடி தேறும். அந்தக் காசில்தான் ஃபீஸ். அந்த விரல்களின் வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. இலையை வைத்து, தூளைத் தூவி, உருட்டி, நூல் சுற்றிப் பழகிய கை. சார் ஸ்கேலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. நான் படியேறுவேன், அக்கா இறங்குவாள், அவ்வளவுதான். சார் முன்னால் பேசவும் முடியாது. ஒரு நாள் மெஷினுக்கு அடியில் விரித்திருக்கும் கம்பளித் துணியின் ஓரத்தில் ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. ரஃப் தாள். பாதி வரை பாடம், கடைசியில் ஒரு வரி: "ரிப்பன் புதுசு. கை கருப்பாகும். தாவணியில் துடைக்காதே."

எனக்குத்தான் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. என் நேரம் முடியும்போது அதன் கீழேயே, "துடைத்துவிட்டேன். அம்மா ஏசுவாள்" என்று அடித்து, துணிக்கு அடியில் சொருகிவிட்டு வந்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அதன் பிறகு ஏழெட்டு மாதம், தினமும் ஒரு வரி. ஒரு நாளைக்கு ஒரு வரிதான், ஏனென்றால் தாளும் ரிப்பனும் சாருடையது. "இன்று கோமதி அம்மனுக்குக் கொடி ஏறுகிறது, வருவாயா" என்று ஆடித் தபசுத் திருவிழா நேரத்தில் ஒரு வரி. "தம்பிக்குக் காய்ச்சல், தூங்கவில்லை, தப்பு நிறைய" என்று ஒரு வரி. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை அடித்து வைப்பேன். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், வைத்தால் ஓலை கிழியும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொன்னதை ஒரு நாள் அடித்தேன். மறுநாள் பதில்: "கொடுத்து வைத்தவர்கள். புள்ளியே இல்லாவிட்டால் ஸ்பீடு நாற்பது போகும்."

இந்த வரிகளுக்காகவே நான் ஒரு நாளும் லீவு போட்டதில்லை. மழையில் நனைந்துகொண்டு போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிநேகிதிகள் இல்லாமல் இல்லை, தப்பாக நினைக்க வேண்டாம். ஆனால் பாயில் படுத்து நாளைக்கு என்ன வரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிய அந்தச் சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அப்புறம் லோயர் தேர்வு வந்தது. சென்டர் திருநெல்வேலியில். டைப் படிக்காதவர்களுக்கு இது தெரிந்திருக்காது, தேர்வுக்கு மெஷினை நாங்களே கொண்டுபோக வேண்டியிருந்தது. சாக்கு விரித்து, வைக்கோல் போட்டு, மெஷின்களை வேனில் ஏற்றுவார்கள். நாங்கள் பஸ்ஸில் போனோம். ஒரே மெஷினில் ஒரு பேட்ச் முடிந்ததும் அடுத்த பேட்ச். அக்கா முதல் பேட்ச், நான் இரண்டாவது.

ஸ்பீடு பேப்பர் பத்து நிமிடம். நிமிடத்துக்கு முப்பது வார்த்தை. மணி அடித்ததும் ஹாலில் இருந்த அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடிய சத்தம் வெளியே மரத்தடியில் நின்ற எங்களுக்குக் கேட்டது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் தறியும் ஒரே நேரத்தில் ஓடினால் அப்படித்தான் இருக்கும். பயமே போய்விட்டது எனக்கு.

பேட்ச் மாறும்போது அக்கா வாசலில் எதிரே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. என்னைத் தாண்டும்போது நிற்காமலே, மெதுவாக, "புள்ளிய மெல்லத் தொட்டு விடு. ஓங்கி அடிச்சா மேலயே நின்னுருது" என்றாள்.

வேனில் குலுங்கியதில் புள்ளிக் கம்பி வளைந்திருக்கிறது. அக்காவின் வேகத்துக்குப் புள்ளி ஒவ்வொரு தடவையும் மேலே போய் நின்றுவிட, கையால் இழுத்து இழுத்து விட்டிருக்கிறாள். தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி அடிக்க முடியுமா? பாதித் தாளில் நேரம் முடிந்துவிட்டது.

நான் மெல்லத் தொட்டேன். கம்பி மேலே போய், தானாக இறங்கியது. என் வேகமே அவ்வளவுதான், அதனால் எனக்கு அது பெரிய இடைஞ்சலாக இல்லை. முழுத் தாளையும் முடித்தேன்.

"அந்தப் பெண் கையைத் தூக்கியிருந்தால் மெக்கானிக்கை அனுப்பியிருப்பார்களே" என்று பிற்பாடு பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். திருநெல்வேலியையே முதல் தடவை பார்க்கும் ஒரு பெண், அத்தனை பேர் அடித்துக்கொண்டிருக்கும் ஹாலில், ஓடும் கடிகாரத்தை விட்டுவிட்டுக் கையைத் தூக்குவாளா? உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு மனதில் நிற்பது, தன் பரீட்சை போன அந்த நிமிடத்திலும் அடுத்து அந்த ஸ்டூலில் உட்காரப் போகிறவளுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே, அதுதான்.

மறுநாள் காலை 7 மணிக்குப் போனேன். மெஷின் திரும்பி வந்து அதன் இடத்தில் இருந்தது. இன்னும் சரி செய்யவில்லை. துணிக்கு அடியில் தாள் இருந்தது. புள்ளிச் சாவியைத் தொடாமலே அடித்திருந்தாள்:

"நேறறு நலலா அடிசசியா. எனககு பாதியில நினனுடுசசு. பரவாயிலலை. சுவடி மாதிரி படிசசுககோ."

படித்தேன். அந்தத் தாளை மட்டும் சாருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். என் லோயர் சர்ட்டிபிகேட் இருக்கும் அதே பைலில்தான் இப்போதும் இருக்கிறது. தாள் பழுப்பேறிவிட்டது, ரிப்பன் மை மங்கவில்லை.

எனக்கு அந்தத் தேர்வில் முதல் வகுப்பு. அக்கா அடுத்த தடவை எழுதித் தேறினாள். அதற்குள் கல்யாணம் பேசிவிட்டார்கள், அடுத்த நிலையான ஹையர் எழுதவில்லை. நான் ஹையர் முடித்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, அரசாங்க டைப்பிஸ்ட் ஆனேன். பெண்களை டைப்புக்கும் டீச்சருக்கும் மட்டும் தள்ளிய காலம்தானே அது, இதில் என்ன பெருமை என்று ஒருவர் வேறொரு பதிலில் எழுதியிருந்தார். தள்ளியது உண்மை. ஆனால் எங்கள் தெருவிலிருந்து சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். தெருவிளக்கு மனுவிலிருந்து முதியோர் பென்ஷன் மனு வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சாரிடம் அனுமதி வாங்கி இலவசமாக அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெருமையை நான் யாருக்காகவும் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தமிழை அடிக்க நாங்கள் பட்ட பாட்டுக்கு, இன்று எல்லார் கையிலும் தமிழ் எழுதும் கருவி இருக்கிறது. 1999-இலேயே தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. யூனிகோடு வந்தும் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. போன மாதம் என் சொந்த அக்கா மகனுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைத் திறந்தால் இன்னமும் ஏதோ ஒரு பழைய எழுத்துருவில், ஒரு வரி புரியாமல் கிறுக்கலாக நிற்கிறது. எழுத்துருவைத் தேடி இறக்கினால்தான் தமிழாகும். வீட்டுப் பிள்ளைகளோ கையில் போன் இருந்தும் "சாப்டியா" என்பதை இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புகிறார்கள். தமிழில் அடி என்றால் நேரமாகும் என்கிறார்கள். என்ன நேரமாகும்? தினமும் ஒரு வரிக்காக மாடி ஏறியவள் நான். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அக்காவை நான் கடைசியாகப் பார்த்தது 2019-இல், ஆடித் தபசுக் கூட்டத்தில். பேத்தியை இடுப்பில் வைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்த உடனே, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல், "இப்பவும் புள்ளிய மெல்லத்தான் தொடுதியா?" என்றாள்.

"இப்போ கம்ப்யூட்டர்லக்கா. எழுத்தை அடிச்ச பெறகுதான் புள்ளி" என்றேன்.

நம்பவில்லை. என் போனை வாங்கி, தேர் மறைவில் நின்று, ஒற்றை விரலால் "அம்மா" என்று அடித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் புள்ளியைத்தான் முதலில் தேடினாள்.