மெக்கில் என்ன ஆயுதம் ஏற்றலாம்? பேட்டில்டெக் கேள்வி பதில்

பேட்டில்டெக் என்ற பலகை விளையாட்டில் மெக்கின் (ஆள் உள்ளே இருந்து ஓட்டும் ராட்சதப் போர் இயந்திரம்) ஆயுதங்களை மாற்றியமைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: முதல்முறையாகச் சொந்தமாக ஒரு மெக் கட்டுகிறேன். எந்த ஆயுதத்திலிருந்து தொடங்குவது?

ஆயுதத்தை அப்புறம் பார்க்கலாம். எவ்வளவு தூரத்தில் நின்று சண்டை போடப் போகிறீர்கள்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். மீடியம் லேசர், ஏசி 20 பீரங்கி இரண்டுமே 9 ஹெக்ஸ் (பலகையின் அறுகோணக் கட்டம்) வரை எட்டும், அதனால் நல்ல ஜோடி. எல்ஆர்எம் என்ற நெடுந்தூர ஏவுகணை 21 ஹெக்ஸ் வரை போகும். ஆனால் எதிரி 6 ஹெக்ஸுக்குள் வந்துவிட்டால், நெருங்க நெருங்கக் குறி கெடும். எல்ஆர்எம்மையும் ஏசி 20ஐயும் ஒரே மெக்கில் ஏற்றினால் எப்போதும் ஏதோ ஒன்று சும்மாதான் இருக்கும்.

கேள்வி: அண்ணா, ஹன்ச்பேக் மெக்கில் ஏசி 20ஐ எடுத்துவிட்டு லேசர் போடலாமா?

தாராளமாக. அப்படி ஒரு வகை ஏற்கெனவே இருக்கிறது. 4ஜி வகையில் ஏசி 20க்கு 14 டன், குண்டுக்கு 2 டன். 4பி வகையில் அதே 16 டன்னில் 6 மீடியம் லேசரும் 10 ஹீட் சிங்க்கும் (வெப்பத்தைத் தணிக்கும் கருவி) ஏறிவிடுகின்றன. கைகளில் இருப்பவற்றையும் சேர்த்தால் 8 மீடியம் லேசர், வெப்பம் 24. ஹீட் சிங்க் மொத்தம் 23. நடந்துகொண்டே (அதற்கு வெப்பம் 1) எட்டையும் சுட்டாலும் மிஞ்சும் வெப்பம் 2தான். குண்டு தீரும் கவலையும் வெடிக்கும் பயமும் இல்லை.

ஆனால் அந்த 40 சேதமும் ஐந்தைந்தாகச் சிதறி விழும். ஏசி 20 ஒரே இடத்தில் 20 இறக்கும். எந்த மெக்கின் தலையும் கவசம் 9, உள்கட்டமைப்பு 3, ஆக 12தான் தாங்கும். தலையில் பட்டால் ஒரே அடியில் ஆட்டம் முடிந்தது. திறந்த வெளியில் நீண்ட ஆட்டம் என்றால் 4பி எடுங்கள். கட்டடங்களுக்கு நடுவே பதுங்கி அடிப்பதென்றால் என் ஓட்டு 4ஜிக்குத்தான், கையில் 10 குண்டு மட்டுமே இருந்தாலும்.

கேள்வி: இரண்டு பிபிசி (துகள் கற்றை பீரங்கி), 10 சாதா ஹீட் சிங்க். போதுமா சார்?

போதாது. நடந்தபடி இரண்டையும் சுட்டால் வெப்பம் 21. அதில் 10 தணிந்து 11 தங்கும். அடுத்த சுற்றிலும் அப்படியே செய்தால் 22. அந்த நிலையில் இரண்டு பகடையில் 8க்குக் குறைவாக விழுந்தால் மெக் அணைந்து நின்றுவிடும். ஒன்றைக் கழற்றினால் 7 டன் மிச்சமாகும், கவசத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: மெஷின் கன் அரை டன்தானே, இரண்டு போட்டால் என்ன?

துப்பாக்கி அரை டன்தான். அதற்கு ஒரு டன் குண்டு ஏற்றினால் 200 குண்டு, ஒவ்வொன்றும் 2 சேதம். உள்ளே வெடித்தால் 400! அரை டன் குண்டு ஏற்றவும் விதி இடம் தருகிறது, அதுவே தாராளம்.

கேள்வி: கேஸ் (குண்டு அறைக்கான பாதுகாப்பு) பொருத்திவிட்டால் குண்டு வெடித்தாலும் பயமில்லைதானே?

சாதா எஞ்சின் என்றால் சரி. கேஸின் எடை அரை டன்தான், அந்தப் பக்க உடலோடு சேதம் நின்றுவிடும். இன்னர் ஸ்பியர் தரப்பின் எக்ஸ்எல் (எடை குறைந்த) எஞ்சின் என்றால் கதை வேறு. அதன் 3 பாகங்கள் ஒவ்வொரு பக்க உடலிலும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் எஞ்சினும் போகும், மெக் அங்கேயே விழும்.

கேள்வி: நானே மாற்றிய மெக்கை எதிராளி ஏற்பாரா?

ஆட்டத்துக்கு முன்பே கணக்குத் தாளைக் காட்டிக் கேளுங்கள். டன்னை மட்டும் வைத்துச் சமன் பார்க்காமல் பேட்டில் வேல்யூவையும் (மெக்கின் போர்த் திறனைக் காட்டும் புள்ளி) கணக்கிடுங்கள். அவர் மறுத்தால் ஆம்னிமெக் எடுக்கலாம். பாட் (கழற்றி மாட்டும் ஆயுதத் தொகுதி) மாற்றுவதற்கென்றே கட்டப்பட்டவை அவை, ஒவ்வொன்றுக்கும் பல ஆயுத அமைப்புகள் தயாராகவே உண்டு.