சிங்கப்பூர் ஆக்க வேண்டாம்

கேள்வி: சுற்றுச்சூழலும் கெடாமல், நெரிசலும் இல்லாமல் வளரும் நாடுகளில் நகரங்களைத் திட்டமிடவே முடியாதா? ஆட்சியாளர்கள் மனது வைத்தால் எந்தத் தலைநகரத்தையும் சிங்கப்பூர் ஆக்கிவிடலாம்தானே?

பதில்: ஆக்க முடியாது. சிங்கப்பூர் ஒரு நகரம் மட்டுமல்ல, தனி நாடு. ஊர் எல்லையிலேயே பாஸ்போர்ட் கேட்பார்கள். யார் வேலைக்கு வரலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதை அரசு முடிவு செய்கிறது. மழை பொய்த்துப்போன கிராமத்திலிருந்து மூட்டை முடிச்சோடு பஸ் ஏறி வந்து இறங்கும் குடும்பம் அங்கே கிடையாது. மற்ற தலைநகரங்களுக்கு அப்படியொரு கதவு இல்லை, இருக்கவும் கூடாது. எனவே நகரத்தை மட்டும் தனியே எடுத்துத் திட்டம் போடுவது அரைகுறை வேலை. சுற்றியுள்ள சிற்றூர்களில் வேலையும் மருத்துவமனையும் கல்லூரியும் வராதவரை எத்தனை மாஸ்டர் பிளான் போட்டாலும் தலைநகரம் வீங்கிக்கொண்டேதான் போகும். வெள்ளமும் அப்படித்தான், மாநகராட்சி எல்லைக்கோட்டைப் பார்த்து அது நிற்பதில்லை. மேட்டில் உள்ள ஏரியை மனைப்பிரிவு ஆக்க அனுமதித்துவிட்டு, பள்ளத்தில் மழைநீர் வடிகாலுக்கு டெண்டர் விடுவது மக்கள் பணத்தைத் தண்ணீரில் விடுவதுதான்.

சிங்கப்பூரைப் போற்றுகிறவர்கள் அதன் வானளாவிய கட்டடங்களைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது 1961-ஐ. அந்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதி எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. எரிந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. கழகம் தன் முதல் ஐந்தாண்டில் கட்டியவை 50,000 வீடுகளுக்கு மேல். அப்போது அது பணக்கார நாடும் அல்ல. தனியார் நிலத்தை அரசு கட்டாயமாக எடுத்துக்கொள்ள வழிசெய்த 1966-இன் நிலமெடுப்புச் சட்டத்தில் இருந்த கடுமையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் ஏழைக்கு வீடு முதலில், பளபளப்பு பிறகு என்ற வரிசையைச் சிபாரிசு செய்வேன்.

மேம்பாலம் என்றால் நான் சண்டைக்கு நிற்பேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இப்போதும் நிற்கிறேன். பிரேசிலின் குரிச்சிபா நகரத்திடம் மெட்ரோ ரயிலுக்குப் பணமில்லை. 1974-இல் சாலையின் நடுவே பஸ்களுக்கென்று தனித் தடம் ஒதுக்கினார்கள். ஆறு பொங்கும் தாழ்நிலத்தில் கட்டடம் கட்டாமல் பூங்கா வைத்தார்கள். அந்தத் தனித் தடத்தைப் பிறகு உலகமே பின்பற்றியது. கார்க்காரர்களுக்காக மேம்பாலம் கட்டுகிற நகரங்கள் இதைப் பார்த்தும் திருந்தவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

நீங்கள் கேட்காத ஒரு ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கராச்சியில் ஒராங்கி என்ற மாபெரும் குடியிருப்பு, அரசு ஏடுகளில் ஆக்கிரமிப்பு. கழிவுநீர் தெருவிலேயே ஓடியது. 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் அங்கே போய் மக்களோடு உட்கார்ந்து பேசினார். ஒரு சந்துக்கு இருபது, முப்பது வீடு. அவர்களே பணம் போட்டு, தங்களில் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, சந்துக்கடியில் குழாய் பதித்தார்கள். மட்டம் பார்ப்பது, வரைபடம் போடுவது, கருவிகள் தருவது மட்டும் கானின் குழு. ஒப்பந்தக்காரரும் கமிஷனும் இல்லாததால் செலவு அரசு மதிப்பீட்டில் சிறு பங்காக முடிந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளுக்கு இப்படியே சாக்கடை வசதி வந்தது. பெரிய வாய்க்காலும் சுத்திகரிப்பும் மட்டும் அரசின் பொறுப்பு.

கானுக்குப் பின் அந்தப் பணியை நடத்தியவர் பர்வீன் ரஹ்மான், கட்டடக் கலைஞர். கராச்சியைச் சுற்றியிருந்த பழைய கிராமங்களை ஒவ்வொன்றாக அளந்து, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பதிவு செய்தார். நிலத்தை வளைத்துப்போடுகிறவர்களுக்கு அந்தப் பதிவுகள் இடைஞ்சல். 2013 மார்ச்சில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நகரமைப்பு படிக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் முதல் வருடமே அவரைப் பற்றிப் பாடம் வைக்க வேண்டும்.