பள்ளியின் விக்டோரியா கால நாள்: உடைக்கு முன்னால் புத்தகம் வர வேண்டும்

கேள்வி: இங்கிலாந்தில் என் மகன் படிக்கும் தொடக்கப் பள்ளியில் பழைய இலக்கியத்தையும் விக்டோரியா காலத்தையும் (விக்டோரியா ராணி ஆண்ட 1837–1901) கொண்டாடும் நாள் ஒன்றைப் பள்ளி முழுவதற்குமாக அறிவித்திருக்கிறார்கள். உடை வாங்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதனால் படிப்புக்கு ஏதேனும் பயன் உண்டா, வெறும் வேடிக்கைதானா?

பயன் உண்டா என்பது அந்த நாளைப் பள்ளி எதிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது. உடையிலிருந்து தொடங்கினால் அது மாறுவேடப் போட்டியாகவே முடியும். ஒரு புத்தகத்திலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் அந்தக் காலத்துக்குள் உண்மையிலேயே நுழைகிறார்கள். என் மகள் படித்த தொடக்கப் பள்ளியில் இரண்டு விதமாகவும் இது நடந்ததைப் பெற்றோர் உதவியாளராகக் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பள்ளிகள் இந்தக் காலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2014 பாடத்திட்டத்தின்படி தொடக்கப் பள்ளியின் பிரிட்டிஷ் வரலாறு பெரும்பாலும் 1066 வரையே செல்கிறது. அதற்குப் பிந்தைய ஏதேனும் ஒரு பொருளைப் பள்ளியே தேர்ந்துகொள்ளலாம் என்று விட்டிருப்பதால், பல பள்ளிகள் தங்களுக்குப் பழகிய விக்டோரியா காலத்தையே எடுத்துக்கொள்கின்றன. 1870 கல்விச் சட்டத்துக்குப் பின் கட்டப்பட்ட செங்கல் கட்டடங்களில் இன்றும் இயங்கும் பள்ளிகள் ஏராளம்; ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என்று வாசல்களின் மேல் கல்லில் வெட்டிய எழுத்துகளை அங்கே இப்போதும் காணலாம். தவிர, உங்கள் மகன் பின்னாளில், பதினாறு வயதுவாக்கில், ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வில் ஆங்கில இலக்கியம் எழுதும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டியிருக்கும்.

முதல் முறை எங்கள் பள்ளியில் நடந்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாதிப் பேர் ராணியாகவும் மீதிப் பேர் உயரத் தொப்பி வைத்த கனவான்களாகவும் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், கேக் சாப்பிட்டார்கள். எந்த வயதுப் பெண்களையும், பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கக் கூடாது என்று 1842இல் சட்டமே போட வேண்டியிருந்த நாட்டில், எல்லாப் பிள்ளைகளும் பட்டும் சரிகையுமாகத் திரிந்தது போன்ற எண்ணத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த முறை தலைமையாசிரியர், விக்டோரியா கால நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையைத் தேர்ந்தெடுத்தார். ஸ்க்ரூஜ் என்னும் கஞ்ச முதலாளியை ஆவிகள் வந்து திருத்தும், ஐந்தே பகுதிகள் கொண்ட சிறிய கதை அது. நாள் நெருங்குவதற்கு முன்பே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்து, அதை உரக்க வாசித்துப் பழகச் செய்தார்கள். இந்த உரக்க வாசித்தல் விழாவுக்காகச் சேர்த்த அலங்காரம் அன்று. டிக்கன்ஸே 1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் இதே கதையை மக்கள் முன் வாசித்தார். தொழிலாளர்களும் வந்து கேட்க வேண்டும் என்று ஒரு வாசிப்புக்குக் குறைந்த கட்டணம் வைக்கச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மிகுந்திருந்த அந்தக் காலத்தில், வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பதுதான் பலருக்கும் இலக்கியம் கிடைத்த வழி.

என் மகளின் வகுப்புக்கு வந்தது மூன்றாம் பகுதி, அதாவது ஸ்க்ரூஜின் எழுத்தர் பாப் கிராச்சிட் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து வரும் இடம். பேக்கரி வாசலில் தங்கள் வாத்து வேகும் வாசனை வந்ததாகச் சிறு பிள்ளைகள் கூவிக்கொண்டு ஓடிவரும் வரியில் ஒரு பையன் வாசிப்பை நிறுத்தி, வீட்டு வாத்துக்கு பேக்கரியில் என்ன வேலை என்று கேட்டான். ஏழை வீடுகளில் அவ்வளவு பெரிய பறவையைச் சுடும் அடுப்பு கிடையாது, ஆகவே அதை பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சில்லறை கொடுத்துச் சுட்டு வாங்கி வருவார்கள் என்று ஆசிரியை விளக்கியபோது, வறுமை என்பது கந்தல் துணி மட்டுமன்று என்பது அந்த வகுப்புக்கு எட்டிவிட்டது. தொடர்ந்து அவர் ஒரு கணக்குக் கொடுத்தார். பாப்பின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்த அந்தப் புத்தகத்தின் விலை 5 ஷில்லிங். தன் கதையைத் தானே வாங்கிப் படிக்க அந்த மனிதர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும்! அந்த விலையிலும் கிறிஸ்துமஸுக்கு முன்பே முதல் பதிப்பின் 6,000 படிகள் விற்றுப்போயின என்பது வேறு விஷயம்.

அதே பகுதியின் முடிவில் அறியாமை, வறுமை என்னும் இரு குழந்தைகள் ஆவியின் அங்கிக்குள்ளிருந்து வெளிப்படுகிறார்கள். கதை வெளிவந்த ஆண்டு செப்டம்பரில் டிக்கன்ஸ் லண்டனின் ஃபீல்ட் லேன் ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வந்திருந்தார் என்பதையும், பன்னிரண்டு வயதில் தந்தை கடன்காரர் சிறையில் இருந்தபோது அவரே ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வாரம் 6 ஷில்லிங்குக்கு வேலை பார்த்தார் என்பதையும் இந்த இடத்தில் சொன்னால் பிள்ளைகள் கவனமாகக் கேட்கிறார்கள். தேதிப் பட்டியலாகத் தனியே சொன்னால் கேட்பதில்லை.

விழா நாளன்று காலையில் அக்கால வகுப்பு ஒன்றும் நடந்தது. மேசைகளை வரிசையாகப் போட்டு, நகத்தைச் சோதித்து, சிலேட்டில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். நடுவில் ஓர் ஆசிரியர் அரசுப் பரிசோதகராக வேடமிட்டு நுழைந்ததும் வகுப்பாசிரியை நடுங்குவது போல் நடித்தார். அதற்குக் காரணம் இருந்தது: பள்ளிகளுக்கான 1862 அரசு மானிய விதிகளின்படி, போதிய நாள் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம் உண்டு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றில் பிள்ளை தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டப்படும். மனப்பாடம் அந்தப் பள்ளிகளை ஏன் அப்படி ஆட்டிப்படைத்தது என்பது இதைக் கேட்டால் புரியும். முட்டாள் தொப்பியை ஒரு பிள்ளைக்கு மாட்டி மூலையில் நிறுத்துவதை மட்டும் நான் ஏற்கவில்லை. நடிப்புதான் என்றாலும் சில பிள்ளைகளுக்கு அது நடிப்பாக இருப்பதில்லை.

மாலைத் தேநீர் விருந்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசினேன். 1867இல் இலங்கையில் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதையும், காப்பிப் பயிர் நோயில் அழிந்தபின் மலையகம் தேயிலைத் தோட்டமாக மாறியதையும், தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்களே அதைப் பறித்ததையும் சொன்னேன். விக்டோரியா காலம் லண்டனோடு முடிந்துவிடுவதில்லை என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் வேலை எளிது. எந்தப் புத்தகம் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அதன் முதல் அத்தியாயத்தை முன்கூட்டியே மகனோடு உரக்க வாசியுங்கள். பெரும்பாலான விக்டோரியா காலப் புத்தகங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டதால் அவை இலவசமாகவே கிடைக்கும். கடை உடை தேவையில்லை: காலர் இல்லாத பழைய சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, கழுத்தில் ஒரு துணி, தட்டைத் தொப்பி போதும். புத்தகம் எதுவும் இல்லை என்று பள்ளி சொன்னால், ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி பெற்றோர் சார்பில் கேளுங்கள். வாசிக்க ஆள் தேவை என்றால் நீங்களே முன்வருவதாகவும் சொல்லுங்கள்.